தார் சுத்தற அக்காவும் டிஆர்பி மீட்டரும்

வியாழக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா சித்தி பொண்ணுகிட்ட இருந்து எனக்கு வாட்ஸ்அப்ல டிஆர்பி லிஸ்ட் வந்துரும், அதாவது எத எத்தன பேரு பாத்தாங்கங்கற கணக்கு. அந்த வாரம் எந்த சீரியல் மொதல்ல இருக்குது, எது எறங்கிருச்சு, சன் டிவி எத்தன, விஜய் எத்தன, ஜீ தமிழ் எத்தனன்னு புள்ளி வெச்ச நம்பரோட. அவ திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசிங் பாக்கறா, ஷிப்மெண்ட் கழுத்த நெரிச்சுட்டு இருந்தாலும் இத அனுப்பாம இருக்க மாட்டா. போன வாரம் அனுப்பிட்டு "ஏனுங்ணா, நம்மூர்ல எல்லாரும் இந்த சீரியலத்தான பாக்கறாங்க, அப்பறம் எப்படிங்ணா இது அஞ்சாவதுக்குப் போச்சு?"ன்னு கேட்டா. ரெண்டு வரில பதில் போடலாம்னு உக்காந்தேன், முடியல, அதான் இங்க எழுதறேன்.

எனக்கு டிவி மேல இருக்கற பாசம் எங்கப்பாகிட்ட இருந்து வந்தது. சோமனூர் பக்கத்துல ஒரு ஊரு, அங்க அவரு 1994ல இருந்து கேபிள் ஆபரேட்டர். அதுக்கு முந்தி எங்களுக்கு டிவின்னா தூர்தர்ஷன் ஒண்ணுதான், ஓட்டு மேல ஆண்டெனாவக் கட்டி கொடைக்கானல் டவர் பக்கமா திருப்பி வெச்சுட்டு, காத்தடிச்சா ஒருத்தர் மேல ஏறி "இப்பத் தெரியுதா, இப்பத் தெரியுதா"ன்னு கத்தோணும். 1993 ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணு அன்னிக்கு சன் டிவி ஆரம்பிச்சாங்க. டிஷ் இருந்தாத்தான் புடிக்கும். எங்கப்பா சொந்தமா வெச்சிருந்த ஆறு தறில ரெண்ட வித்துட்டு வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளில டிஷ் நட்டாரு. எங்க அமுச்சி, பாட்டிய அப்பிடித்தான் கூப்புடுவோம், அன்னிக்கு சோறு திங்கல, "சோறு போடற தறிய வித்துப்போட்டு வானத்தப் பாத்து சட்டிய வெக்கறானே"ன்னு அழுதாங்களாம். அதே அமுச்சி ஆறு மாசத்துல சாயங்காலம் ஆனா மொத ஆளா டிவி முன்னாடி உக்காந்துட்டாங்க.

கன்ட்ரோல் ரூம்னு சொல்லுவோம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பத்துக்குப் பத்து ரூமு. ஒரு சேனலுக்கு ஒரு ரிசீவர், அத ஒரு நம்பர்ல ஏத்தி உடறதுக்கு ஒரு மாடுலேட்டர், எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து ஆம்ப்ளிஃபயர்ல உட்டு, அங்க இருந்து தென்ன மரத்துக்கு மரம் கருப்பு ஒயர் போகும். நான் ஸ்கூல் படிக்கும்போது எனக்குன்னு ஒரு வேல இருந்துச்சு. ராத்திரி சீரியல் நேரத்துல கரண்ட் போனா ஓடிப்போயி ஜெனரேட்டர் கயித்த இழுக்கோணும். ஊருக்கே கரண்ட் போனா பிரச்சன இல்ல, ஆனா எங்க லைன்ல மட்டும் போயி பக்கத்து லைன்ல இருந்துச்சுன்னா அஞ்சு நிமிசத்துல வாசல்ல பத்துப் பேரு நிப்பாங்க. 2002ல இருந்து 2005 வரைக்கும் மெட்டி ஒலி ஓடுனப்ப எங்கப்பா அந்த நேரத்துல எங்கயும் வெளிய போக மாட்டாரு, கல்யாண வீடா இருந்தாலும் அது முடிஞ்சுதான் மொய் வெக்கப் போவாரு.

இப்ப சொல்ற விசயம் நெறைய பேருக்குத் தெரியாது. அந்தக் காலத்து டிவிகள்ல எல்லா சேனலும் வராது. பழைய செட்டுன்னா பன்னண்டு நம்பர்தான், அதுக்கு மேல இருக்கற பேண்ட் அதுல எடுக்காது. அதனால ரெண்டுல இருந்து பன்னண்டு வரைக்கும் இருக்கற எடத்துக்கு அப்பிடி ஒரு அடிதடி. பிரைம் பேண்ட்னு பேரு. அதுக்குள்ள இருக்கற சேனல எல்லா வீட்லயும் பாப்பாங்க, வெளிய தள்ளுனா புது கலர் டிவி இருக்கற வீட்டுக்கு மட்டும்தான் போகும். பெரிய ஊர்ல பெரிய கேபிள் கம்பெனிகளுக்கு இந்த எடத்துக்காகவே சேனல்காரங்க காசு குடுத்தாங்க. எங்களுக்கு யாரும் குடுக்கல, எங்க ஊர்ல எந்த சேனலு எந்த நம்பர்னு முடிவு பண்ணது எங்கப்பாவும் ஊர்ப் பொம்பளைகளும்தான். "ஏனுங் தம்பி, அந்தப் பாட்டு சேனல தள்ளீட்டு இத உள்ள கொண்டாந்து வையுங்"ன்னு வாசல்ல நின்னு சொல்லுவாங்க, அப்பா அடுத்த நாளே மாடுலேட்டர மாத்தி வெச்சிருவாரு. யோசிச்சுப் பாத்தா அதவிட நேர்மையான டிஆர்பிய அப்பறம் நான் எங்கயுமே பாக்கல.

சித்தி பொண்ணு அனுப்பற நம்பர் வேற வழில வருது. பார்க் (BARC)னு ஒரு அமைப்பு, சேனல்காரங்க, விளம்பரம் குடுக்கற கம்பெனிக, விளம்பர ஏஜென்சிக மூணு தரப்பும் சேந்து வெச்சது. 2015ல இருந்து அவங்க கணக்க வெச்சுத்தான் விளம்பர ரேட்டு, அதுக்கு முந்தி டேம் (TAM)னு ஒரு கம்பெனி எடுத்துட்டு இருந்துச்சு. சனிக்கிழமைல இருந்து வெள்ளிக்கிழம வரைக்கும் ஒரு வாரம்னு எடுத்து, அடுத்த வியாழக்கிழம வெளிய உடறாங்க. 2020ல அவங்க போட்ட மதிப்பீட்டுல நாடு முழுக்க டிவி இருக்கற வீடு 21 கோடி. மீட்டர் வெச்ச வீடு 55 ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல. வகுத்துப் பாருங்க, ஏறக்குறைய 3,800 வீட்டுக்கு ஒரு வீடு. அந்த ஒரு வீட்டுல யாரு என்ன பாக்கறாங்கன்றதுதான் பாக்கி அத்தன வீட்டுக்கும் பேசுது. நான் மாதிரிக் கணக்கு தப்புன்னு சொல்ல வரல, ஒரு பருக்க சோத்த நசுக்கிப் பாத்துத்தான் நம்மளும் ஒல எறக்கறோம். ஆனா பருக்கைய எந்தப் பானைல இருந்து எடுக்கறாங்கன்னு பாக்கோணும் இல்லீங்களா.

அந்த மீட்டர் வேல செய்யற விதத்தக் கேட்டப்ப எனக்கு மெய் சிலுத்துருச்சு. அது படத்தப் பாக்கறதில்ல, காது குடுத்துக் கேக்குது. ஒவ்வொரு சேனலும் தன்னோட சத்தத்துக்குள்ள, மனுசக் காதுக்குத் தெரியாத மாதிரி ஒரு அடையாளத்தக் கலந்து அனுப்புது, வாட்டர்மார்க்னு சொல்றாங்க. டிவில வர்ற சத்தத்துல இருந்து மீட்டர் அந்த அடையாளத்தப் புடிச்சுக்கும், எந்த சேனல், எத்தன மணிக்குன்னு குறிச்சுக்கும். வீட்டுல யாரு யாரு பாக்கறாங்கன்னு அவங்கவங்க பட்டன அமுத்திச் சொல்லோணும். வீட்டு டிவி, வீட்டு ஆளு. கணக்கு இந்த ரெண்டுக்குத்தான்.

இனி எங்க ஊருக்கு வாங்க. எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தறி குடோன், பன்னண்டு தறி ஓடுது. குடோனுக்கு ஒட்டுன மாதிரியே ஓனர் வீடு. வீட்டு முன்கூடம், ஆசாரம்னு சொல்லுவோம், அதுல ஒரு டிவி, குடோனுக்குள்ள செவுத்துல ஒரு டிவி, ரெண்டுக்கும் ஒரே பாக்ஸ், நடுவுல ஸ்பிளிட்டர் போட்டு இழுத்து உட்டது நான்தான். அதனால அங்க ஒண்ணு ஓடுனா இங்கயும் அதேதான் ஓடும். குடோனுக்குள்ள பன்னண்டு தறி அடிக்கற அடில டிவி சத்தம் பொட்டுக்கூடக் கேக்காது. பக்கத்துல நிக்கற ஆள்கிட்டப் பேசோணும்னாலே காதுல வாய வெச்சுக் கத்தோணும், இல்லீனா கையி சாடதான். தறி ஓட்டறவங்க, பஞ்சு தூசி படிஞ்ச அந்த டிவில தெரியற மூஞ்சிய மட்டும் பாப்பாங்க. நூலு அந்துதா, இங்கயும் அங்கயும் ஓடற நாடாக்குள்ள நூலு தீந்துதான்னு ஒரு கண்ணு தறி மேல, ஒரு கண்ணு செவுத்து மேல.

வெளிய வாசல்ல தார் மெஷின் போட்டு ஒரு அக்கா தார் சுத்தறாங்க, அதாவது நாடாக்குள்ள வெக்கற கட்டைல நூல் சுத்தற வேல, பாஞ்சு வருசமா. வெளிச்சத்துக்காக மெஷின ரோட்டப் பாத்து வெச்சிருக்கறாங்க, அதனால டிவிக்கு முதுகு. ஆசாரத்துல இருந்து வசனம் நல்லாக் கேக்கும், ஆனா ஒரு மூஞ்சியும் தெரியாது. திரும்பிப் பாத்தா தாரு தீந்து வெறும் கட்ட சுத்தும், கூலில புடிச்சுருவாங்க. ராத்திரி டீ குடிக்கத் தறிய நிறுத்துவாங்க பாருங்க, அந்தப் பத்து நிமிசத்துல நடக்கறத நான் எத்தனையோ நாளு நின்னு பாத்திருக்கறேன். உள்ள இருந்து வர்ற ஒரு அம்மா கேப்பாங்க, "அந்தப் புள்ள மாமியாரப் பாத்து அழுதாளே, என்னன்னு சொன்னா?" இந்தக்கா தார எடுத்து வெச்சுட்டே வசனத்த அப்பிடியே ஒப்பிப்பாங்க, அழுக வர்ற எடத்துல கொரலும் எறங்கும். அப்பறம் இவங்க கேப்பாங்க, "அப்ப அவன் மூஞ்சி எப்பிடி இருந்துச்சு? சிரிச்சானா, மொறச்சானா?" பாதிக் கத உள்ள, பாதிக் கத வெளிய, டீ கிளாஸோட ரெண்டையும் சேத்துத் தெச்சுக்கறாங்க.

சீரியல்ல ஒரே மூஞ்சிய மூணு தடவ கிட்டக்க கிட்டக்க காட்றாங்க, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க, பின்னணி மியூசிக் காதக் கிழிக்குதுன்னு படிச்சவங்க எத்தனையோ பேரு திட்டறாங்க. நானும் காலேஜ் படிக்கறப்பத் திட்டுனவன்தான். அந்த வாசல்ல நின்னு பாத்ததுக்கப்பறம் திட்டறத உட்டுட்டேன். மூணு தடவ காட்டற மூஞ்சி, தறில இருந்து நிமுந்து பாக்கற கண்ணுக்கு. திரும்பச் சொல்ற வசனம், முதுகு காட்டி உக்காந்திருக்கற காதுக்கு. வேல செஞ்சுட்டே பாக்கற பொம்பளைகளுக்குன்னே அமைஞ்ச ஒரு கத சொல்ற முறை அது, தெருக்கூத்துல கட்டியங்காரன் வந்து நடந்தத ஒருக்கா சொல்லீட்டுப் போற மாதிரி.

ஆனா அந்தக் குடோன் டிவி எந்தக் கணக்குலயும் வராது. வீடு இல்லையே அது. சோமனூர்ல இருந்து பல்லடம் வரைக்கும் எத்தன குடோன், திருப்பூர்ல எத்தன பீஸ் கட்டிங் ரூமு, நம்மூரு பேக்கரில டீ குடிக்கறப்ப நிமுந்து பாக்கற டிவி எத்தன, சலூன்ல எத்தன. அங்கெல்லாம் ஓடறது அத்தனையும் ஓடாததுக்குச் சமம். எங்க பக்கம் சாயங்காலம் ஏழு மணிக்கு பாதிப் பொம்பளைக வீட்டுல இல்ல, வேலைல இருக்கறாங்க. பாக்கறது இங்க, எண்ணறது எங்கயோ. கண்ணு, நீ கேட்ட கேள்விக்கு என்கிட்ட இருக்கற பதில் இதுதான்.

2022 பிப்ரவரில எதிர்நீச்சல் சீரியல் ஆரம்பிச்சப்ப அந்தக் குடோன்ல இருந்த கூட்டத்த இப்ப நெனச்சாலும் ஆச்சரியமா இருக்குது. அதுல ஆதி குணசேகரனா வந்த மாரிமுத்துவோட அதட்டலுக்கு, தார் சுத்தற அக்கா மூஞ்சியே பாக்காம ஒரு ரசிக. "இப்பிடி ஒரு பெரியப்பன் எங்க வீட்டுல இருந்தாருங், அப்பிடியே அதே கொரலு"ன்னு சொல்லுவாங்க. 2023 செப்டம்பர் 8, அவரு அதே சீரியலுக்கு டப்பிங் பேசிட்டு இருக்கறப்பத்தான் முடியாமப் போயி எறந்துட்டாரு. அன்னிக்கு நியூஸ்ல சேதி வந்தப்ப குடோன்ல தறி நிக்கல, ஆனா அக்கா மெஷின நிறுத்திட்டாங்க. அப்பறம் அந்த எடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தாரு, அவரும் பெரிய நடிகர், எழுத்தாளர், கொற சொல்ல ஒண்ணுமே இல்ல. உள்ள இருந்து மூஞ்சி பாக்கறவங்க ரெண்டு வாரத்துல பழகிட்டாங்க. வெளிய இருந்த அக்காவுக்குத்தான் கடைசி வரைக்கும் பழகல. 2024 ஜூன்ல சீரியல் முடிஞ்சப்பக் கூட "எனக்கு அது அன்னிக்கே முடிஞ்சு போச்சுங் தம்பி"ன்னாங்க. ரேட்டிங் ஏன் ஏறுச்சு ஏன் எறங்குச்சுன்னு சென்னைல ஏசி ரூம்ல உக்காந்து பேசறவங்களுக்கு இந்த மாதிரி ஒரு காது இருக்கறது தெரியோணும்.

செட்டாப் பாக்ஸ் வந்தப்பறம் பிரைம் பேண்ட் போச்சு, எல்லா சேனலும் எல்லா வீட்லயும் எடுக்குது, இனி சண்ட இல்லன்னு எங்கப்பா நெனச்சாரு. சண்ட வேற எடத்துக்கு மாறுச்சு, அவ்வளவுதான். பாக்ஸ ஆன் பண்ண உடனே தானா வர்ற சேனல் ஒண்ணு இருக்கும் பாருங்க, லேண்டிங் பேஜ்னு சொல்றது, அந்த எடத்துக்கு இப்பக் காசு. எங்க அமுச்சிக்கு இப்ப எம்பத்தஞ்சு வயசு, ரிமோட்ல செவப்பு பட்டன் ஒண்ணுதான் தெரியும். அத அமுத்துனா என்ன வருதோ அதையே யாராவது வந்து மாத்தற வரைக்கும் பாத்துட்டு இருப்பாங்க. அது அவங்க பாக்கோணும்னு நெனச்சுப் பாக்கறது இல்ல. இந்த எடத்துல ரேட்டிங் எடுக்கற சேனல வெக்கக்கூடாதுன்னு டிராய்ங்கற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 டிசம்பர்ல உத்தரவு போட்டுச்சு, அடுத்த வருசம் மே மாசம் டிடிசாட்ங்கற தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் அது செல்லாதுன்னு சொல்லிருச்சு. நியூஸ் சேனல் சண்ட இன்னும் மோசம், மீட்டர் வெச்ச வீட்டுக்கே பணம் போச்சுன்னு மும்பைல போலீஸ் கேஸ் ஆயி, 2020 அக்டோபர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நியூஸ் சேனலுக்கு ரேட்டிங்கே போடல.

2019 பிப்ரவரில புது கட்டண முறை வந்தப்பத்தான் எங்கப்பா மொத தடவயா தொழில உட்டுரலாம்னு பேசுனது. அதுக்கு முந்தி மாசத்துக்கு ஒரே தொகை, எல்லா சேனலும் வரும். அரசு கேபிள் 2011ல 70 ரூபான்னு குடுத்தது ஊருக்கே ஞாபகம் இருக்கும். புது முறைல அடிப்படைக்கு 130 ரூபா, மேல ஜிஎஸ்டி, அதுக்கு மேல கட்டண சேனல் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வெல, சன் டிவி மட்டும் 19 ரூபா. அப்பா வீடு வீடா நோட்டோட போயி "உங்களுக்கு எது எது வேணும் அம்மிணி"ன்னு கேட்டு எழுதுனாரு. கூலி வேலைக்குப் போற ஒரு வீட்டுல அந்தப் பொண்ணு வெரல உட்டு எண்ணி எண்ணி, சன் டிவி இருக்கட்டும், பையனுக்குப் பொம்மப் படம் வேண்டாம், அவனுக்கு ஃபோன் இருக்குதுன்னு சொல்லுச்சாம். அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பா ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. இப்ப அந்தப் பையனுக்கு மட்டும் இல்ல, ஊருக்கே ஃபோன் இருக்குது. 600 வீட்டுக்கு மேல ஓடுன எங்க லைன்ல இன்னிக்கு 200 வீடுதான்.

மேல நடக்கற சண்டையும் சுருங்கிட்டே வருது. 1999ல ஜெயா, 2001ல விஜய் டிவிய ஸ்டார் வாங்குச்சு, 2007ல கலைஞர் டிவி, 2008ல ஜீ தமிழ், 2018ல கலர்ஸ் தமிழ்னு வருசத்துக்கு வருசம் புது ஆளு வந்துட்டே இருந்த காலம் அது. 2024 நவம்பர்ல ரிலையன்சும் டிஸ்னியும் சேந்ததுல விஜயும் கலர்ஸ் தமிழும் இப்ப ஒரே வீட்டுப் புள்ளைக. அதே வருசம் ஜனவரில ஜீயும் சோனியும் சேரறதா இருந்தது முறிஞ்சு போச்சு. சீரியல் விசயத்துல நெசமான போட்டி இப்ப சன், விஜய், ஜீ தமிழ் மூணுக்குள்ளதான். ரெண்டு சீரியலச் சேத்து ஒரு மணி நேரம் ஓட்டற மகாசங்கமம், எதிராளி சீரியல் நேரத்துக்கே தன்னோட பெரிய சீரியலத் தூக்கிப் போடறதுன்னு இவங்க காட்டற வேகம் எனக்குப் புடிக்கத்தான் செய்யுது, போட்டி இருந்தாத்தான் கத நல்லா வரும்.

ஒண்ணு மட்டும் மனசுல முள்ளு மாதிரி கெடக்குது. கதைல கோயமுத்தூர்க்காரங்கன்னு ஒரு குடும்பம் வந்துச்சுன்னா எல்லா வார்த்தைக்கும் பின்னாடி "ங்க" ஒட்டி உட்டுட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க. எங்க அமுச்சி மூணு வயசுப் பேரன "வாங்க சாமி, உக்காருங்க, பாலு குடிங்க"ன்னு சொல்லும்போது அதுல ஒரு கொஞ்சல் இருக்குது. அதே அமுச்சி கோவம் வந்தா "ங்க" ஒண்ணுகூட இருக்காது, வார்த்த கட்டையாட்டம் வந்து விழுகும். பெரும்பாலும் எங்க பேச்சு காமெடிக்கு ஆகுது, இல்லீனா பணக்கார வில்லனுக்கு ஆகுது. ஒரு தார் சுத்தற பொம்பள எங்க பாஷைல அழுது, அது ராத்திரி ஒம்பது மணிக்கு ஓடி நான் பாத்ததில்ல. எண்ணிக்கைல வராத காதுக்கு யாரு வசனம் எழுதுவாங்க. அந்த மீட்டர்ல நாலு மீட்டர், வேல நடக்கற எடத்துக்கும் வரட்டும்னு நான் கேக்கறது விளம்பர ரேட்டுக்காக இல்ல, இதுக்காகத்தான்.

2025 மார்ச், ஏப்ரல்ல கூலி உயர்வு கேட்டு எங்க பக்கம் விசைத்தறி எல்லாம் நிறுத்துனாங்க இல்லீங்களா, அப்ப ஒரு நாள் சாயங்காலம் அந்தக் குடோனுக்கு ஸ்பிளிட்டர் மாத்தப் போனேன். பன்னண்டு தறியும் பாவோட அப்பிடியே நிக்குது, பஞ்சு கூடப் பறக்கல. தறி ஓட்டற ரெண்டு அம்மாவும் தார் சுத்தற அக்காவும் சும்மா இருக்க முடியாம வந்து படில உக்காந்திருந்தாங்க. நான் ஒயர மாட்டிட்டு டிவியப் போட்டேன், சீரியல் ஓடுச்சு, குடோன் பூரா கதாநாயகியோட கொரலு கணீர்னு கேட்டுச்சு. ரெண்டு வருசமா அவள தெனமும் பாத்துட்டு இருந்த அம்மா என்னத் திரும்பிப் பாத்து "இவ கொரலு இத்தன சின்னக் கொரலாங் தம்பி"ன்னாங்க. தார் சுத்தற அக்கா படிய உட்டு எந்திரிச்சு டிவிகிட்டப் போயி, அந்தப் பொண்ணு மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னாங்க.